ஸ்டெல்லாரிஸ்: முதன்முறை ஆடுபவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

நீலகிரியில், குறிப்பாகக் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கங்களில், ஸ்டெல்லாரிஸ் என்னும் விண்வெளி வியூக விளையாட்டைப் புதிதாகத் தொடங்கியவர்களும் அவர்களுடைய வீட்டாரும் கேட்ட கேள்விகளை ஒழுங்குபடுத்தி, இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலானோர் இதைப் போர் விளையாட்டு என்று எண்ணிக்கொண்டு உள்ளே வருகிறார்கள். தொடக்க ஆண்டுகளில் வரவு செலவைக் கவனிக்காமல் விட்டு, பிறகு அண்டை நாட்டோடு வரும் முதல் போரிலேயே எல்லாவற்றையும் இழக்கிறார்கள். ஆகவே இந்தப் பதில்களில் கப்பல்களைவிடக் கணக்குக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். திரையில் வரும் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் தந்திருப்பதால், ஆடும்போது அவற்றை எளிதில் அடையாளம் காணலாம்.

இது எப்படிப்பட்ட விளையாட்டு?

சுவீடனைச் சேர்ந்த பாரடாக்ஸ் நிறுவனம் 2016 மே மாதத்தில் வெளியிட்ட கணினி விளையாட்டு இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆட்டம் 2200ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று தொடங்குகிறது. ஒரு தாய்க்கோள், அது இருக்கும் விண்மீன் தொகுதியில் ஒரு விண்தளம், ஆய்வுக் கப்பல் ஒன்று, கட்டுமானக் கப்பல் ஒன்று, சில சிறு போர்க்கப்பல்கள் ஆகியவற்றுடன் உங்கள் இனம் முதன்முறையாகத் தன் சூரியனை விட்டு வெளியே புறப்படுகிறது. அதன் பிறகு நடப்பவை பெரும்பாலும் உங்கள் முடிவுகளையும் நீங்கள் வழியில் சந்திக்கும் இனங்களின் முடிவுகளையும் பொறுத்தவை.

இவ்வகை விளையாட்டுகளை ‘ஃபோர் எக்ஸ்’ என்பார்கள். 1993இல் மாஸ்டர் ஆஃப் ஓரியன் என்ற விளையாட்டைப் பற்றி எழுதும்போது ஆலன் எம்ரிச் இந்தப் பெயரைப் பயன்படுத்தினார். தேடுவது, விரிவடைவது, வளங்களைப் பயன்படுத்துவது, எதிரியை ஒழிப்பது என்ற நான்கு செயல்களை அது குறிக்கிறது. புதிதாக ஆடுபவர் முதல் மூன்றை ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் போதும். நான்காவதைத் தொடாமலேயே ஒரு முழு ஆட்டத்தை மகிழ்ச்சியாக ஆடி முடிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ஓடுமா?

அண்மைக்கால லேப்டாப்பாக இருந்தால், காட்சித் தரத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு ஆட வாய்ப்பு உண்டு. ஸ்டீம் என்ற இணைய விற்பனைத் தளத்தில் விளையாட்டின் பக்கத்திலேயே குறைந்தபட்சத் தேவைகள் எழுதப்பட்டிருக்கின்றன. வாங்குவதற்கு முன் அவற்றை உங்கள் கணினியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாங்கிய 14 நாள்களுக்குள், மொத்தம் 2 மணி நேரத்திற்கும் குறைவாக ஆடியிருந்தால், ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும் என்பதால், முதல் நாளே கணினி தாங்குகிறதா என்று சோதித்துவிடுவது நல்லது.

உண்மையான சுமை காட்சிகளால் வருவதைவிட, கேலக்ஸி முழுவதும் பெருகும் மக்கள்தொகையையும் பேரரசுகளையும் கணக்கிடுவதால் வருகிறது. எனவே முதல் நூறு ஆண்டுகள் சீராக ஓடிய ஆட்டம் பிற்பகுதியில் மந்தமாவது இயல்பு. இதைத் தவிர்க்க, ஆட்டத்தை அமைக்கும் திரையில் 200 அல்லது 400 விண்மீன்கள் கொண்ட சிறிய கேலக்ஸியைத் தேர்ந்தெடுங்கள். மற்ற பேரரசுகளின் எண்ணிக்கையையும் வாழத் தகுந்த கோள்களின் அளவையும் குறைத்துக்கொள்ளுங்கள். கற்றுக்கொள்வதற்கும் சிறிய கேலக்ஸியே ஏற்றது.

மிகப் பழைய கணினி மட்டும் இருக்கிறது, செலவும் செய்ய இயலாது என்பவர்களுக்கு ஃப்ரீ ஓரியன் என்ற கட்டற்ற விளையாட்டைப் பரிந்துரைக்கிறேன். அது முற்றிலும் இலவசம். ஒவ்வொரு சுற்றாக நிதானமாக ஆடலாம்.

காற்று மழைக் காலத்தில் இணையமும் மின்சாரமும் அடிக்கடி போய்விடுகின்றன. அந்த நிலையில் ஆட முடியுமா?

தாராளமாக ஆடலாம், கொஞ்சம் முன்னேற்பாடு வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழையிலும் கற்பூர மரமோ சீகை மரமோ மின்கம்பியில் விழுந்தால், மின்சாரம் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. தனியாக ஆடும்போது இந்த விளையாட்டுக்கு இணையம் தேவையில்லை. ஸ்டீம் செயலியை இணையம் இருக்கும்போதே ஒருமுறை திறந்து, ஆஃப்லைன் நிலைக்கு மாற்றி வைத்துக்கொண்டால், இணைப்பு இல்லாத நாள்களிலும் ஆட்டம் திறக்கும். முதல் பதிவிறக்கம் பெரியது என்பதால், இரவில் ஓடவிடுங்கள், அல்லது மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ நல்ல இணைப்புள்ள உறவினர் வீட்டுக்குப் போகும்போது லேப்டாப்பை எடுத்துச் சென்று அங்கே இறக்கிக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, அமைப்புகளில் ஆட்டோசேவ் என்ற தானியங்கிச் சேமிப்பு எத்தனை மாதத்திற்கு ஒருமுறை நடக்க வேண்டும் என்று நீங்களே குறிப்பிடலாம். அந்த இடைவெளியைக் குறைத்து வையுங்கள். பேட்டரி பழுதான லேப்டாப்பிலோ, யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியிலோ ஆடுபவர்கள் ‘அயர்ன்மேன்’ என்ற தேர்வைத் தொடவே வேண்டாம். அதில் ஆட்டம் முழுவதற்கும் ஒரே ஒரு சேவ் கோப்புதான். அது எழுதப்படும் நேரத்தில் மின்சாரம் போனால் பல நாள் உழைப்பு ஒரு நொடியில் வீணாகக்கூடும்.

இன்னொரு செய்தி. பெரிய புதுப்பிப்பு வரும்போது, பாதியில் இருக்கும் உங்கள் ஆட்டம் புதிய பதிப்போடு ஒத்துப்போகாமல் போகலாம். ஸ்டீமில் விளையாட்டின் பண்புகள் பகுதிக்குச் சென்று, ‘பீட்டாஸ்’ என்ற இடத்தில் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்து, தொடங்கியதை முடித்துவிட்டுப் புதியதற்கு மாறுங்கள்.

தமிழில் ஆட வழி இருக்கிறதா?

விளையாட்டில் தமிழ் மொழித் தேர்வு இல்லை. ஆங்கிலத்தில் படிக்கச் சிரமப்படுபவர்கள் நிகழ்வுக் கதைகள் முழுவதையும் புரிந்துகொள்ள முயல வேண்டாம். கீழே உள்ள தேர்வுப் பொத்தான்களின் மேல் மவுஸை வைத்தால், அதனால் எந்த வளம் கூடும், எது குறையும் என்பது எண்களோடு தெரியும். தொடக்கத்தில் அதை மட்டும் படித்து ஆடினாலே போதும்.

எந்தப் பேரரசைத் தேர்ந்தெடுப்பது?

யுனைடெட் நேஷன்ஸ் ஆஃப் எர்த் என்ற மனிதப் பேரரசைத் தேர்ந்தெடுங்கள். நம் சூரியக் குடும்பத்திலிருந்தே தொடங்குவதால் வியாழன், சனி, செவ்வாய் என்று அறிந்த பெயர்கள் இருக்கும். அதன் இயல்பும் வேற்றினங்களை விரும்புவது என்பதால் அண்டை இனங்களோடு நட்புக்கு வழி திறந்தே இருக்கும். இயந்திர இனம், கூட்டு மனம் கொண்ட இனம், எல்லா உயிர்களையும் அழிக்கப் பிறந்த இனம் ஆகியவை பார்க்கக் கவர்ச்சியாக இருந்தாலும், அவற்றின் விதிகள் பொதுவிதிகளிலிருந்து வேறுபடுவதால், முதல் ஆட்டத்திற்கு அவை பொருந்தா. கடினநிலையைக் குறைந்த படிகளில் ஒன்றில் வையுங்கள். அருகில் வாழத் தகுந்த கோள்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்ற அமைப்பை மாற்றாமல் விடுங்கள்.

தேதி ஓடிக்கொண்டே இருப்பதால் பதற்றமாக இருக்கிறது. என்ன செய்வது?

ஸ்பேஸ் விசையை அழுத்துங்கள். ஆட்டம் நின்றுவிடும், நின்ற நிலையிலேயே எல்லாக் கட்டளைகளையும் கொடுக்கலாம், கட்டடங்களுக்கு ஆணையிடலாம், ஆராய்ச்சியை மாற்றலாம், வரைபடம் முழுவதையும் சுற்றிப் பார்க்கலாம். தனி ஆட்டத்தில் எவ்வளவு நேரம் நிறுத்தி வைத்தாலும் எந்த இழப்பும் இல்லை.

புதியவர்கள் இதைக் குறுக்குவழி என்று கருதித் தயங்குகிறார்கள். அப்படி எண்ண வேண்டியதில்லை. இந்த விளையாட்டின் ஒழுங்கே நிறுத்தி யோசிப்பதை அடிப்படையாகக் கொண்டது. தொடக்க ஆண்டுகளில், எந்த அறிவிப்பு வந்தாலும் நிறுத்தி, அதைப் படித்து, முடிவெடுத்து, பிறகு ஓடவிடும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். போர் நடக்கும்போது வேகத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பத்து ஆண்டுகளில் எதை எந்த வரிசையில் செய்வது?

ஆட்டம் திறந்தவுடன் நிறுத்துங்கள். ஆராய்ச்சிக்கான மூன்று துறைகளிலும் ஒவ்வொன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆய்வுக் கப்பலில் விஞ்ஞானி இருக்கிறாரா என்று பாருங்கள். சர்வே என்ற அளவாய்வுக்கு அவர் முக்கியம். பிறகு அந்தக் கப்பலுக்கு அருகிலுள்ள தொகுதிகளை வரிசையாகச் சர்வே செய்யக் கட்டளை கொடுங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே அடுத்தடுத்த தொகுதிகளைச் சொடுக்கினால் கட்டளைகள் வரிசையில் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, இரண்டாவது ஆய்வுக் கப்பலைக் கட்டுங்கள். பலர் இந்த இடத்தில் போர்க்கப்பல்களைச் சேர்க்கத் தொடங்குகிறார்கள், அது தவறான செலவு. சர்வே செய்யாத தொகுதியை உங்களால் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. ஆகவே கண்கள் இரண்டாக இருந்தால் விரிவடையும் வேகமும் கூடும். கட்டுமானக் கப்பல், உங்கள் சொந்தத் தொகுதியில் கனிமமோ ஆற்றலோ கிடைக்கும் ஒவ்வொரு கோளின் மேலும் நிலையம் அமைக்கட்டும். அது முடிந்ததும் அருகிலுள்ள தொகுதிகளில், அவற்றைச் சொந்தமாக்கும் அவுட்போஸ்ட் என்ற நிலையத்தைக் கட்ட அனுப்புங்கள்.

சர்வேயின்போது ‘அனாமலி’ என்ற விசித்திரங்கள் தென்படும். அவற்றை ஆராய எத்தனை நாளாகும் என்பது திரையில் காட்டப்படும். விஞ்ஞானியின் அனுபவம் குறைவாக இருக்கும்போது நீண்ட காலம் பிடிப்பவற்றைத் தள்ளிவைத்து, அனுபவம் கூடிய பின் திரும்பி வந்தால் நேரம் மிச்சமாகும். அவை எங்கும் போய்விடுவதில்லை. விளையாட்டின் மிகச் சிறந்த கதைகள் இந்த அனாமலிகளில்தான் இருக்கின்றன என்பதால், அவற்றை முழுவதுமாகப் புறக்கணித்துவிடாதீர்கள்.

யூனிட்டி என்ற வளம் சேர்ந்ததும் ‘டிரடிஷன்’ என்ற மரபு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். டிஸ்கவரி, எக்ஸ்பேன்ஷன் ஆகிய இரண்டில் ஒன்றை எடுத்தால் தொடக்க காலத்திற்குப் பொருந்தும்.

மேலே வரிசையாக இத்தனை எண்கள் இருக்கின்றன. எதைப் பார்ப்பது?

இந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுமையாகப் படியுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் இதுவே அடித்தளம்.

ஒவ்வொரு வளத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று கையிருப்பு, மற்றொன்று மாதந்தோறும் கூடுவது அல்லது குறைவது. கண் எப்போதும் இரண்டாவது எண்ணின் மேல் இருக்க வேண்டும். கையிருப்பு நிறைய இருந்தும் மாதக் கணக்கு கழித்தலில் இருந்தால், அந்தப் பேரரசு சரிந்துகொண்டிருக்கிறது; கையிருப்பு தீர்ந்த மாதத்திலிருந்து உற்பத்தி, மகிழ்ச்சி, கப்பல்களின் வலிமை ஆகியவற்றைப் பாதிக்கும் தண்டனைகள் தொடங்கும்.

எனர்ஜி கிரெடிட்ஸ் என்பது ஆற்றல். கப்பல்கள், நிலையங்கள், கட்டடங்கள் எல்லாவற்றின் பராமரிப்புக்கும் அது வேண்டும். மினரல்ஸ் என்பது கனிமம்; கோள்களில் கட்டடம் எழுப்பவும் விண்வெளியில் சுரங்க நிலையம் அமைக்கவும் உதவும். உணவு, பெயரே சொல்வது போல, மக்களுக்கு. கன்ஸ்யூமர் கூட்ஸ் என்ற நுகர்பொருள்களை மக்களின் வாழ்க்கைத்தரமும் ஆராய்ச்சியாளர்களும் உட்கொள்கிறார்கள். ஆராய்ச்சிக் கூடங்களை அவசரமாகப் பெருக்கியவர்களின் பேரரசில் முதலில் பற்றாக்குறையாவது இதுதான்.

இனி அலாய்ஸ் என்ற உலோகக் கலவை. கப்பல்கள் அனைத்தும், அவுட்போஸ்ட்களும், விண்தளங்களும் இதில்தான் கட்டப்படுகின்றன. பச்சைத் தேயிலை எவ்வளவு பறித்தாலும் ஃபேக்டரியில் அரைத்து உலர்த்தித் தூளாக்கினால்தான் ஏலத்திற்குப் போகும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மினரல்ஸ் இலை, அலாய்ஸ் தூள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலை குவிந்து கிடக்கிறது, ஃபேக்டரி சிறியது என்ற நிலையில்தான் புதியவர்களில் மிகப் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். மினரல்ஸ் ஆயிரக்கணக்கில் சேர்ந்திருப்பதைக் கண்டு மகிழ்கிறார்கள், ஆனால் அண்டை நாடு படையெடுக்கும்போது ஒரு கப்பலுக்கும் அலாய்ஸ் இல்லை. ஆகவே தாய்க்கோளில் அலாய்ஸ் உற்பத்தியைப் பெருக்கும் வேலையை இயன்றவரை முன்கூட்டியே தொடங்குங்கள். அதே சமயம், அந்த உற்பத்தி மினரல்ஸை உட்கொள்வதால், சுரங்கங்களையும் இணையாகக் கூட்டிக்கொண்டே செல்லுங்கள்.

இன்ஃபுளுயன்ஸ் என்ற செல்வாக்கு மிக மெதுவாகவே சேரும், சந்தையில் வாங்கவும் முடியாது. புதிய தொகுதியைச் சொந்தமாக்கவும், ஒப்பந்தங்களைத் தொடரவும், பிறர் நிலத்தின் மேல் உரிமை கோரவும் அது செலவாகும். உங்கள் எல்லையிலிருந்து தொலைவிலுள்ள தொகுதிகளுக்கு இது அதிகமாகத் தேவைப்படுவதால், தாவிச் செல்லாமல் அடுத்தடுத்த தொகுதிகளைப் பிடிப்பதே சிக்கனம்.

சேமிப்புக்கு மேல்வரம்பு உண்டு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வரம்பைத் தொட்ட பிறகு வருவது வீணாகும். சேர்த்து வைப்பது பாதுகாப்பு என்ற நம் வீட்டு வழக்கம் இங்கே பொருந்தாது. வளம் கட்டடமாகவோ, கப்பலாகவோ, புதிய குடியேற்றமாகவோ மாறினால்தான் பயன் தரும். எது உபரியோ அதைச் சந்தையில் விற்று, எது குறைவோ அதை வாங்கலாம். ஒரே சமயத்தில் மொத்தமாக வாங்கினால் விலை ஏறிவிடும். மாதந்தோறும் சிறிய அளவு வாங்கும்படி நிலையான ஆணை கொடுத்தால் விலை அவ்வளவாக ஏறாது.

எந்தத் திசையில் விரிவடைவது?

2018இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து, தொடக்கத்தில் எல்லாக் கப்பல்களும் ‘ஹைப்பர்லேன்’ என்ற பாதைகளின் வழியாக மட்டுமே ஒரு விண்மீனிலிருந்து இன்னொன்றுக்குச் செல்கின்றன. வரைபடத்தில் அந்தக் கோடுகளைத் தொடர்ந்து பார்த்தால், பல தொகுதிகளுக்கு ஒரே நுழைவாயிலாக அமைந்த ஒரு தொகுதி தென்படும். அந்த வாயிலை முதலில் பிடியுங்கள். அதற்குப் பின்னால் உள்ள தொகுதிகள் அதன் பிறகு உங்களுக்கே மிஞ்சும். அவற்றை நிதானமாக நிரப்பலாம். வாயில் தொகுதியில் உள்ள அவுட்போஸ்ட்டை ஸ்டார்போர்ட் என்ற பெரிய விண்தளமாக உயர்த்தி, பீரங்கிகள் பொருத்தினால், சிறிய படையெடுப்புகளை அதுவே தடுத்து நிறுத்தும்.

ஆனாலும் கண்ட தொகுதியை எல்லாம் பிடிக்கக் கூடாது. பேரரசின் அளவு பெருகப் பெருக, ஆராய்ச்சிக்கும் டிரடிஷனுக்கும் ஆகும் செலவும் ஏறும். வளமும் இல்லாத, வாயிலாகவும் அமையாத வெற்றுத் தொகுதியை, இன்ஃபுளுயன்ஸ் தேங்கும்வரை விட்டுவைக்கலாம்.

புதிய கோள்களில் எப்போது குடியேறலாம்?

ஒவ்வொரு இனத்துக்கும் ஏற்ற தட்பவெப்பம் உண்டு. ஈரம், வறட்சி, குளிர் என்று மூன்று தொகுப்புகளாகக் கோள்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. குளிர்த் தொகுப்பில் ஆல்பைன் என்ற மலைக்கோளும் இருக்கிறது. நம் பிள்ளைகள் பேரரசைத் தாமே உருவாக்கும் அளவுக்குத் தேர்ந்தபின், மலைக்கோளைத் தாயகமாக வைத்து ஆடுவதில் தனி ஈடுபாடு காட்டுகிறார்கள், அதைப் பார்க்க எனக்கும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

பச்சைக் குறியீடு உள்ள கோள் உங்கள் இனத்திற்கு ஏற்றது. புதிய குடியேற்றம் சில ஆண்டுகளுக்கு வருமானம் தராமல் செலவே வைக்கும் என்பதால், எனர்ஜி, உணவு, நுகர்பொருள் மூன்றும் மாதக் கணக்கில் கூட்டலில் இருக்கும்போதுதான் குடியேற்றக் கப்பலை அனுப்ப வேண்டும். குடியேறிய பின், வேலையின்மை, குடியிருப்பு, வசதிகள் ஆகிய மூன்றையும் அவ்வப்போது கவனியுங்கள். ஒவ்வொரு கோளுக்கும் ஒரு தொழிலை ஒதுக்குங்கள்: இது சுரங்கத்திற்கு, அது ஆராய்ச்சிக்கு என்று. எல்லாம் எல்லா இடத்திலும் என்று கலந்து கட்டினால் நிர்வாகமும் கடினம், விளைச்சலும் குறைவு.

2025 மே மாதத்தில் வந்த 4.0 பதிப்பு, கோள்களின் மக்கள்தொகையையும் கட்டட அமைப்பையும் பெரிதும் மாற்றிவிட்டது. அதற்கு முந்தைய வீடியோக்களைப் பார்த்துப் படிப்பவர்கள், இந்தப் பகுதியில் மட்டும் அவை உங்கள் திரையோடு பொருந்தாமல் இருப்பதைக் காண்பார்கள்.

ஆராய்ச்சியில் நான் விரும்பியது ஏன் வருவதில்லை?

இயற்பியல், சமூகவியல், பொறியியல் ஆகிய மூன்று துறைகளிலும், சீட்டுக்கட்டிலிருந்து எடுப்பது போலச் சில தேர்வுகளையே விளையாட்டு உங்கள் முன் வைக்கிறது. இன்று எடுக்காதது பின்னொரு நாள் மீண்டும் வரலாம். தொடக்கத்தில் மாத உற்பத்தியைக் கூட்டும் எதையும் ஆயுதத்திற்கு முன்னால் எடுங்கள். பத்து ஆண்டு முன்பே வந்த சுரங்க மேம்பாடு, பத்து ஆண்டுகளுக்குக் கூடுதல் கனிமம் தந்துவிடும். ஊதா நிறத்தில் வருபவை அரியவை என்பதால், அவை தென்பட்டால் என்னவென்று படித்துப் பாருங்கள்.

அண்டை நாடு மிரட்டுகிறது. எப்படித் தவிர்ப்பது?

முதலில் தூதர்களைப் பயன்படுத்துங்கள். உங்களிடம் உள்ள தூதரை அந்த நாட்டுக்கு அனுப்பி, உறவை மேம்படுத்தும் பணியில் அமர்த்தினால், மாதந்தோறும் நல்லெண்ணம் கூடும். பிறகு ஆக்கிரமிப்பின்மை ஒப்பந்தம் கேட்கலாம். மிரட்டும் நாட்டுக்கு அப்பால் உள்ள நாட்டோடு தற்காப்பு ஒப்பந்தம் செய்துகொள்வது அதைவிட வலுவான அரண், ஏனெனில் உங்களைத் தாக்கினால் இரண்டு முனைகளில் போரிட வேண்டியிருக்கும். எல்லா உயிர்களையும் வெறுக்கும் இனம் அண்டையில் அமைந்துவிட்டால் மட்டும் பேச்சு பயன்படாது. வாயில் தொகுதியை வலுப்படுத்தி, அலாய்ஸ் உற்பத்தியைக் கூட்டுங்கள்.

அண்டை நாடு உங்களைத் தாக்குவதற்கு முக்கியமான காரணம், உங்கள் கடற்படை வெறுமையாக இருப்பது. போரை விரும்பாதவரும் ஓரளவு கப்பல் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. நேவல் கெபாசிட்டி என்ற வரம்பைத் தாண்டினால் பராமரிப்புச் செலவு ஏறும். சண்டை இல்லாத காலத்தில், பணியாளர் குடியிருப்பு கட்டப்பட்ட விண்தளத்தில் கப்பல்களை நிறுத்தி வைத்தால் செலவு குறையும்.

கப்பல்களில் எந்த ஆயுதத்தைப் பொருத்துவது? போர் வந்தால் எப்படி முடிப்பது?

கப்பலுக்கு மூன்று அடுக்குப் பாதுகாப்பு: வெளியே ஷீல்ட் என்ற ஆற்றல் திரை, அதற்குள் ஆர்மர் என்ற கவசம், கடைசியில் ஹல் என்ற கப்பலின் உடல். குண்டுகளை எறியும் கைனடிக் வகை ஆயுதங்கள் ஷீல்டை நன்றாக உடைக்கும், ஆர்மரில் திணறும். லேசர்கள் அதற்கு நேர்மாறு. ஏவுகணைகள் ஷீல்டைக் கடந்தே செல்லும், ஆனால் அவற்றை வழியிலேயே சுட்டு வீழ்த்தும் கருவிகள் உண்டு. எதிரியின் கப்பல் எதை நம்பியிருக்கிறது என்று தெரியாதபோது, கைனடிக், லேசர் இரண்டையும் கலந்து பொருத்துவதே பாதுகாப்பான முடிவு.

மோதலுக்கு முன், இரு படைகளுக்கும் மேலே தெரியும் வலிமை எண்ணை ஒப்பிடுங்கள். உங்கள் எண் தெளிவாகக் கூடுதலாக இல்லாவிட்டால், மோதாமல் பின்வாங்கி, உங்கள் விண்தளத்தின் பீரங்கிகளுக்கு அருகில் எதிரியை வரவிடுங்கள். கப்பல்களைப் பல சிறு குழுக்களாகப் பிரித்து அனுப்புவது, ஒவ்வொன்றாகக் கொடுத்து இழப்பதற்குச் சமம்.

நீங்களே போர் தொடுப்பதானால், எந்தத் தொகுதிகள் வேண்டுமோ அவற்றின் மேல் முன்கூட்டியே உரிமை கோரியிருக்க வேண்டும். போர் நீளும்போது இரு தரப்புக்கும் களைப்பு ஏறும். அது முழுமையடைந்த பின், உள்ள நிலையிலேயே போரை நிறுத்த மற்ற தரப்பு வற்புறுத்த முடியும். உரிமை கோரிய தொகுதிகளில் அதுவரை நீங்கள் முழுமையாகக் கைப்பற்றியவை உங்களுக்குக் கிடைக்கும். சிறிய இலக்கோடு தொடங்கி, விரைவாக முடித்துக்கொள்வது நல்லது.

இதில் வரும் அறிவியல் உண்மையா? முத்தோரை தொலைநோக்கிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

ஹைப்பர்லேன் கற்பனை. சூரியனுக்கு அடுத்து மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்ஸிமா சென்டாரி ஏறத்தாழ 4.24 ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கிறது. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 தன் வேகத்தில் அத்தனை தொலைவைக் கடக்க 70,000 ஆண்டுகளுக்கும் மேலாகும். விளையாட்டில் அந்தப் பயணம் சில வாரங்களில் முடிகிறது.

விண்மீன்களின் வகைப்பாடு உண்மையானது. திரையில் காணும் ஜி, கே, எம் போன்ற எழுத்துகள் வானியலாளர்கள் மேற்பரப்பு வெப்பத்தைக் கொண்டு வகுத்தவை. நம் சூரியன் ஜி வகை. பல்சர்கள் என்ற துடிப்பு விண்மீன்களும் உண்மையானவையே, 1967இல் ஜோஸலின் பெல் பர்னெல் முதலில் கண்டறிந்தார். அவற்றை ஆராயும் கருவிகளில் ஒன்றுதான் ஊட்டிக்கு அருகே முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கி. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் அமைக்கப்பட்ட அதன் நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். அந்த இடத்தின் அட்சரேகையான ஏறத்தாழ 11 பாகைக்கு இணையாகச் சரியும் மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதை நிறுவியதால், தொலைநோக்கியின் நீண்ட அச்சு பூமியின் சுழற்சி அச்சுக்கு இணையாக அமைகிறது. அதனால் ஒரு வான்பொருளைப் பல மணி நேரம் தொடர்ந்து கவனிக்க முடிகிறது. விளையாட்டில், பல்சர் உள்ள தொகுதிக்குள் நுழையும் கப்பல்களின் ஷீல்டுகள் செயலிழந்துவிடும். ஆகவே ஷீல்டை மட்டும் நம்பிய எதிரியை அங்கே வரவழைத்து, ஆர்மர் மிகுந்த கப்பல்களோடு எதிர்கொள்வது நல்ல உத்தி.

என் மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். இது நேரத்தை விழுங்கிவிடுமா?

கவனிக்காமல் விட்டால் விழுங்கும். இயல்பான அமைப்பில் ஒரு ஆட்டம் 2500ஆம் ஆண்டு வரை நீளும். அதை ஆடி முடிக்கப் பல நாள்கள் பிடிக்கும், ஒரே இருப்பில் முடிக்கும் விளையாட்டு இது அன்று. சுவர்க் கடிகாரத்தை வைத்து எல்லை போட்டால், “இந்தப் போர் முடியட்டும், அம்மா” என்ற வாக்குவாதமே மிஞ்சும். அதைவிட, ஆட்டத்தின் தேதியை வைத்து எல்லை போடுங்கள்: இன்று 2215 ஜனவரி வந்ததும் சேவ் செய்து மூட வேண்டும் என்று தொடங்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். இறுதி ஆண்டை முன்னதாகவே அமைக்கும் வசதியும் தொடக்கத் திரையில் இருக்கிறது. தேர்வு மாதங்களில் புதிய ஆட்டத்தைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

டிஎல்சி என்ற கூடுதல் விரிவாக்கங்களை எல்லாம் வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஒரு ஆட்டத்தையாவது இறுதிவரை ஆடி முடிக்கும்வரை, அடிப்படை விளையாட்டே போதும். ஸ்டீமில் கோடையிலும் குளிர்காலத்திலும் தள்ளுபடி விற்பனை நடக்கும், அப்போது யோசிக்கலாம்.

நான் ஊட்டியில் இருக்கிறேன், என் சித்தி மகன் கொடைக்கானலில் இருக்கிறான். சேர்ந்து ஆட முடியுமா?

முடியும். இருவரிடமும் அடிப்படை விளையாட்டு இருக்க வேண்டும், பதிப்பு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆட்டத்தை நடத்துபவரிடம் உள்ள விரிவாக்கங்களை, அந்த ஆட்டம் நடக்கும் வரையில் சேர்ந்து ஆடுபவரும் பயன்படுத்தலாம் என்பதால், உங்களில் ஒருவர் வாங்கியிருந்தால் போதும். இணைப்பும் கணினியும் யாருக்கு நன்றாக இருக்கிறதோ அவர் நடத்துவது நல்லது. ஒருவருக்கு இணைப்பு அறுந்தால் மற்றவர் உடனே ஆட்டத்தை நிறுத்தி, சேவ் செய்து, போனில் தெரிவிக்க வேண்டும் என்று முன்னதாகவே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இணைப்பு வந்ததும் நடத்துபவர் அந்தக் கோப்பைத் திறந்தால், விட்ட இடத்திலிருந்தே இருவரும் தொடரலாம்.